புயலும் தறிக்குழியும்

(காஞ்சிபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



புயல் என்றால் அது கடலோரத்து ஜனங்களின் கஷ்டம் என்றும், கடலிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் உள்ளே தள்ளி, கோயில்களும் ஏரிகளும் சூழ அமர்ந்திருக்கும் நம் காஞ்சிக்கு அதனால் இரண்டு நாள் மழையும் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறையும் தவிர வேறொன்றும் நேர்வதில்லை என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே வெகுகாலமாக ஊன்றியிருக்கிறது. கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் துறைமுகக் கம்பத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதாகச் செய்தி வந்தால் நாம் அனுதாபப்படுகிறோம். பிறகு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இந்த எண்ணம் பிழையானது என்பது என் அபிப்பிராயம். ஒரு புயல் இந்த ஊருக்குள் நுழைந்து எந்தெந்த இடத்தைத் தொடுகிறது, கடைசியில் எங்கே போய்த் தங்குகிறது என்பதை நான் கண்ட அளவில் பின்தொடர்ந்து காட்டவே இன்று இங்கு வந்திருக்கிறேன்.

நம் முன்னோர்களுக்கு அப்படியோர் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. இந்த க்ஷேத்திரத்தின் தலபுராணக் கதைகளில் பெரிதாகப் பேசப்படும் இரண்டு, வெள்ளத்தைப் பற்றியவை. கம்பையாற்றங்கரையில் மாமரத்தடியில் மணலால் லிங்கம் பிடித்துப் பூஜித்த அம்பிகை, ஆறு பெருகி வரக் கண்டு, அது கரைந்துபோகாதபடி மார்போடு அணைத்துக் காத்தாள் என்று ஏகாம்பரநாதர் கோயிலில் சொல்கிறார்கள். அங்கே இறைவனுக்குத் தழுவக் குழைந்த நாதர் என்ற திருநாமம் வந்ததும் அதனால்தான். பிரமதேவன் செய்த யாகத்தைக் குலைக்கச் சினங்கொண்ட சரஸ்வதி வேகவதி நதியாகப் பாய்ந்து வர, திருமால் அந்தப் பிரவாகத்துக்குக் குறுக்கே தாமே அணையாகப் படுத்துத் தடுத்தார் என்று திருவெஃகாவில் சொல்கிறார்கள். யதோக்தகாரிப் பெருமாள் இன்றும் அங்கே சயனத் திருக்கோலத்தில்தான் சேவை சாதிக்கிறார். புராணத்தைச் சரித்திரமாகக் கொள்ளவேண்டுமென்று நான் வற்புறுத்தவில்லை. ஆயினும், சைவத் தலமொன்றும் வைணவத் தலமொன்றும் ஒரே ஊரில் இருந்துகொண்டு, பெருகி வந்த நீரை எதிர்த்து நின்ற கதையையே தத்தம் பெருமையாகச் சொல்லுமானால், அந்த நீரின் உக்கிரத்தை அனுபவித்து அறியாத ஊரில் அக்கதைகள் வேரூன்றியிருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

புயல் உண்டாகும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமுத்திரத்தின் மேற்பரப்பு இருபத்தாறரை டிகிரி செல்ஸியஸுக்கு மேல் சூடேறியிருக்கும் காலத்தில், அதிலிருந்து எழும் நீராவி உயரே சென்று குளிர்ந்து மேகமாகும்போது தன்னுள் ஒளித்து வைத்திருந்த வெப்பத்தை வெளியிடுகிறது. அந்த வெப்பத்தால் காற்று இலேசாகி இன்னும் உயர, கீழே அழுத்தம் குறைய, குறைந்த இடத்தை நிரப்ப நாற்புறத்திலிருந்தும் ஓடிவரும் காற்று, பூமி சுழலும் காரணத்தால் நேராக வந்து சேர இயலாமல் வளைந்து, நம்முடைய வடகோளத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றத் தொடங்குகிறது. அமெரிக்கக் கரையில் ஹரிக்கேன் என்றும் சீன, ஜப்பான் கரைகளில் டைபூன் என்றும் சொல்லப்படுவது இதே வஸ்துதான். கடல்தான் அதற்கு ஆகாரம். கரையேறியதும் அந்த ஆகாரம் அற்றுப்போவதால் சில மணி நேரத்துக்குள் காற்றின் பலம் குன்றிவிடுகிறது. சுமந்து வந்த நீரோ குன்றுவதில்லை. ஆகவே கரையோரத்தில் காற்றாக இருந்தது, நம்மிடம் வரும்போது பெரும்பாலும் மழையாகவே வருகிறது.

இந்த நாட்டில் புயலை முன்னறிந்து சொல்லும் ஏற்பாடு பெரும் நஷ்டங்களின் பயனாகப் பிறந்தது. 1864ஆம் ஆண்டில் கல்கத்தாவைத் தாக்கிய கடும்புயலும், அதன்பின் பருவமழை பொய்த்து வந்த பஞ்சங்களும் சேர்ந்தே, 1875ஆம் ஆண்டில் இந்திய வானிலைத் துறை அமையக் காரணமாயின. இன்று அத்துறையார் புயலைப் பற்றி நான்கு படிகளில் அறிவிக்கிறார்கள்: முதலில் புயல் உருவாகலாமென்ற முன்னறிவிப்பு, கரையோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை, 24 மணி நேரத்துக்கு முன்னால் இன்னும் உறுதியான எச்சரிக்கை, கரை கடப்பதற்கு 12 மணி நேரத்துக்கு முன்னால், கரை கடந்தபின் புயல் எந்தத் திசையில் நகரும், உள்மாவட்டங்களில் என்ன நேரும் என்ற அறிவிப்பு. இந்த நான்காவது படி நம்மைப் போன்றவர்களை உத்தேசித்தே ஏற்பட்டது. ஆனால் முதல் மூன்றையும் தொலைக்காட்சியில் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, நமக்கென்றே வருகிற நான்காவதன் சமயத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதிக்கு வருகிறேன். அன்று திங்கட்கிழமை; திருக்கார்த்திகை நாள். வர்தா என்று பெயரிடப்பட்ட புயல் வங்கக் கடலில் பல நாள் அலைந்துவிட்டு மேற்கு நோக்கித் திரும்பி, அன்று பிற்பகலில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்று வேகத்தோடு சென்னைக்கு அருகே கரை கடந்தது. அந்த நாளை இவ்வூர்ப் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் குடும்பத்து வீட்டில் நான் கழித்தேன். நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு அது. நடுவில் முற்றம், கூடத்தில் சித்தப்பாவின் தறி. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்த காலத்தில் வாங்கிய பழைய பாரமானி ஒன்றைச் சுவரில் மாட்டி, காலையிலிருந்து அதன் முள்ளைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

பாரமானியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. உஷ்ண மண்டலத்தில் வாயுமண்டலத்தின் அழுத்தம் புயல் இல்லாத நாளிலும் ஒரு நியதிப்படி ஏறி இறங்குகிறது. காலை பத்து மணியளவில் உச்சமும், மாலை நான்கு மணியளவில் தாழ்வும், மறுபடி இரவு பத்து மணிக்கு ஏற்றமும், விடியற்காலை நான்கு மணிக்கு இறக்கமுமாக, கடலின் ஏற்றவற்றத்தைப் போல அது நடந்துகொண்டே இருக்கும். ஆகவே பகலில் முள் சற்று இறங்குவதைக் கண்டு பயப்படுவதும் தவறு. அது வழக்கமான இறக்கந்தான் என்று எண்ணி அலட்சியமாக இருப்பதும் தவறு. அன்று காலை பத்து மணிக்கு ஏறியிருக்கவேண்டிய முள் ஏறவில்லை. நான் முதலில் கவனித்த அறிகுறி அதுவே.

இரண்டாவது அறிகுறிக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், வடகோளத்தில் இருப்பவனுக்கு இடக்கைப் பக்கத்தில் தாழ்வழுத்தத்தின் மையம் இருக்கும் என்பது ஹாலந்து தேசத்து விஞ்ஞானி பைஸ் பாலட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டு சொன்ன விதி. முற்பகலில் எங்கள் தெருவில் காற்று வடக்கிலிருந்து வந்தது. வடக்கே முதுகு காட்டித் தெற்கு நோக்கி நின்றேன். இடக்கை கிழக்கைக் காட்டிற்று. புயல் கிழக்கே, கடலில் இருக்கிறது என்று பொருள். மேகங்கள் இரண்டு அடுக்காக, கீழடுக்கு மிக வேகமாகவும் மேலடுக்கு வேறொரு திசையிலுமாக ஓடிக்கொண்டிருந்தன. மழை ஒரே சீராகப் பெய்யவில்லை. வரும், விடும், மீண்டும் வரும். ஒவ்வொரு முறை வரும்போதும் முந்தியதைவிடக் கனமாக வந்தது.

சித்தப்பா என் ஆராய்ச்சியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "முள்ளைப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்காதே, வா, வந்து கயித்தைப் புடி" என்றார்.

தறியைப் புயலுக்குத் தயார் செய்யும் விதத்தை நான் அன்றுதான் முழுவதும் கண்டேன். இங்கே கூடியிருப்போரில் பலர் அதைச் செய்தே பழகியவர்கள்; வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் அப்போது அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக, இரண்டையும் கோர்வை போட்டு இணைத்த ஒரு முகூர்த்தப் புடவை, ஏறக்குறைய பாதி நெய்த நிலையில் இருந்தது. முதலில், நீள இழைகளாகிய பாவை இழுத்துப் பிடித்திருக்கும் கயிற்றை இளக்கினார். நூல்கயிறு ஈரத்தில் சுருங்கும். அது சுருங்கினால் பாவு முறுக்கேறும். ஈரத்தில் பட்டிழையின் வலு குறைந்திருக்கும் சமயத்தில் அந்த இழுவையைத் தாங்காமல் இழைகள் அறுந்துபோகும். பிறகு நெய்த பாகத்தைப் படமரத்தோடு சேர்த்துப் பழைய வேட்டியால் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைக் கட்டினார். தார்களையும் நாடாக்களையும் தகர டப்பாவில் போட்டு மூடினார். தறிக்கு மேலே, ஓட்டுக்கு வெகு சமீபத்தில், கரையின் உருவங்களைத் துளையிட்ட அட்டைகளால் நெய்விக்கும் ஜகார்டுப் பெட்டி இருக்கிறது. ஓடு ஒன்று நகர்ந்து ஒழுகினால் முதல் சொட்டு அதன் அட்டைகளின் மேல்தான் விழும். அட்டை நனைந்து உப்பினால் துளைகள் இடம் மாறும். ஊசி துளைக்குள் இறங்காது. கரையில் அன்னமோ மயிலோ வரவேண்டிய இடத்தில் உருவமில்லாத ஒரு குழப்பம் வரும். ஆகையால் அந்த அட்டைகளைக் கழற்றி, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பெட்டிக்குள் வைத்தோம். இவ்வளவும் செய்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுவிட்டது.

பிற்பகலில் காற்றின் ஓசை மாறியது. அதுவரை விட்டு விட்டு வந்த காற்று, இடைவெளியில்லாத ஒரே நாதமாக, ஊருக்கு மேலே பெரிய சக்கரம் ஒன்று சுழல்வதுபோல் வந்தது. கொல்லையிலிருந்த வேப்பமரத்தின் கிளை ஒடிந்து கிணற்றடியில் விழுந்தது. ஓடுகள் வரிசை வரிசையாகத் தடதடவென்று அடித்துக்கொண்டன. நாங்கள் எல்லோரும் அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒழுகிய இடங்களில் பாத்திரங்களை வைப்பதும், நிரம்பியதை முற்றத்தில் கொட்டுவதுமாக நேரம் போயிற்று. பொழுது சாய்ந்ததும், வாசலில் ஏற்றவேண்டிய கார்த்திகை அகல்களைச் சித்தி வீட்டுக்குள்ளேயே மாடங்களில் ஏற்றி வைத்தாள். அன்று எங்களுக்கு வேறு வெளிச்சம் கிடையாது.

இரவு ஏறிய பிறகு காற்று தென்புறத்திலிருந்து வரத் தொடங்கியது. தெற்கே முதுகு காட்டி வடக்கு நோக்கி நின்றால் இடக்கை மேற்கைக் காட்டும். மையம் நம்மைத் தாண்டிப் போய்விட்டது. பாரமானியின் முள்ளும் ஏறத் தொடங்கியிருந்தது. ஆபத்து நீங்கிற்றென்று வீட்டார் அனைவருக்கும் சொல்லிவிட்டேன். சாஸ்திரப்படி அது உண்மையும்கூட. சித்தப்பா மட்டும் ஓர் அகலை எடுத்துக்கொண்டு போய், நெய்பவர் கால்களைத் தொங்கவிட்டு மிதிக்கும் தறிக்குழியின் ஓரத்தில் குந்தி, உள்ளே எட்டிப் பார்த்தார். குழியின் கிழக்கு மூலையில், மண்சுவரின் அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் தடம் இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். "ஊறுது" என்றார்.

இதைச் சொல்லவே நான் இவ்வளவு தூரம் வந்தேன். நாங்கள் பகல் முழுவதும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் தரையிலிருந்து வந்தது. காற்று அடங்கி, மழை ஓய்ந்து, வானம் வெளுத்த பிறகு அது வந்தது. மறுநாள் காலையில் மிதிகட்டைகள் நீரில் மிதந்தன. குடத்தால் மொண்டு இறைத்தோம். இறைக்க இறைக்க ஊறிற்று. ஊரைச் சுற்றியுள்ள ஏரிகளும் குளங்களும் கிணறுகளும் நிறைந்து, பூமிக்குள் நீர்மட்டம் உயர்ந்துவிட்டால், ஒரு குழியை மட்டும் எப்படி உலர வைக்க முடியும்? தறிக்குழி அந்த நிலையில் ஒரு சின்னக் கிணறாகிவிடுகிறது. காற்று ஒரு பகலில் போயிற்று. அந்த ஊற்று வற்ற, கார்த்திகை கழிந்து மார்கழி பிறந்து சில நாளும் ஆயிற்று.

அந்தக் குழியை ஏன் வெட்டவேண்டும், தறியை மேடைமேல் நிறுத்தினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சித்திரை, வைகாசி மாதத்து வெயிலில் பட்டிழை காய்ந்து முறுக்கேறி அறுந்துபோகாதபடி, பூமிக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குளிர்ச்சியைத் தந்து பாவைப் பதமாக வைத்திருப்பது அந்தக் குழிதான். தரையோடு தரையாக உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்கும் நெசவாளியின் உடம்பு தலைமுறை தலைமுறையாக அதற்கென்றே பழகியிருக்கிறது. கோடையில் உபகாரம் செய்யும் அதே குழி கார்த்திகையில் உபத்திரவம் செய்கிறது. குழியை மூடிவிடு என்று வெளியிலிருந்து சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்தத் தறியில் உட்கார்ந்து பிழைக்கிறவரால் அப்படிச் சொல்ல முடியாது. குழியின் உட்புறத்துக்குச் செங்கலும் சிமெண்டும் வைத்து நீர் கசியாமல் பூசுவதும், வீட்டின் தளத்தையே தெரு மட்டத்துக்கு மேல் நன்றாக உயர்த்திக் கட்டுவதும் செய்யக்கூடிய காரியங்கள். கைப்பணம் உள்ளவர்கள் செய்துகொண்டார்கள். வாடகை வீட்டில் தறி போட்டிருப்பவர் என்ன செய்வார்?

ஈரம் குழியோடு நின்றுவிடுவதுமில்லை. பட்டு, தொட்டுப் பார்த்தால் ஈரமென்று தெரியாதபடி, தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரையில் நீரை உள்வாங்கக்கூடிய இழை. சாயப் பட்டறையில் தோய்த்த நூல் காய்வதில்லை. விடியற்காலையில் தெருவில் நீளப் பாவை நீட்டி, கஞ்சி தோய்த்து, இளவெயிலில் உலர்த்தும் வேலைக்குத் தெருவும் வேண்டும், வெயிலும் வேண்டும். வர்தாவுக்குப் பிறகு தெருவில் முறிந்த கிளைகளும் அறுந்த மின்கம்பிகளும் கிடந்தன, வெயில் வந்த நாளில் தரை சேறாக இருந்தது. பாவு இல்லாவிட்டால், குழி உலர்ந்த வீட்டிலும் தறி ஓடாது. ஆகவே ஒருவர் வீட்டில் நீர் ஏறாவிட்டாலும் அவர் பிழைப்பிலும் புயல் கை வைத்துவிடுகிறது. சித்தப்பா குமுட்டி அடுப்பில் புகையடங்கிய தணலை எடுத்துத் தறிக்குப் பக்கத்தில் வைத்து, விழுதையும் அச்சையும் நாள் முழுவதும் சூடு காட்டிக்கொண்டிருந்தார். பாதி நெய்த அந்தப் புடவை மாத முடிவில் இறங்கியிருக்க வேண்டியது. பொங்கலுக்குப் பிறகுதான் இறங்கிற்று.

காலத்தையும் கவனிக்கவேண்டும். மார்கழியில் கலியாணம் இல்லை; தை பிறந்தால் முகூர்த்தங்கள் தொடங்கும். அந்த முகூர்த்தங்களுக்கான புடவைகளைக் கார்த்திகையிலும் மார்கழியிலும்தான் தறியில் ஏற்றி இறக்கவேண்டும். வடகிழக்குப் பருவக்காற்றின் புயல்கள் வருவதும் பெரும்பாலும் அந்த மாதங்களை ஒட்டித்தான். இத்தொழிலில் கூலி, புடவைக்கு இவ்வளவு என்று பேசப்படுவது. நாளுக்கு இவ்வளவென்று அன்று. புடவை இறங்கினால் கூலி, இறங்காவிட்டால் இல்லை. 2016இல் இன்னொரு சங்கடமும் சேர்ந்தது: ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று நவம்பர் 8ஆம் தேதி அறிவிக்கப்பட்டு ஒரு மாதந்தான் ஆகியிருந்தது, புதுப் பணம் கைக்கு வராமல், கடன் கொடுக்கிறவரிடத்திலும் பணமில்லாத நேரம். எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர், தறி நின்ற அந்த நாட்களில் சென்னைக்குப் போய், விழுந்த மரங்களை வெட்டி அகற்றும் கூலி வேலை செய்துவிட்டு வந்தார். நாற்பது வருஷம் கோர்வை போட்ட கை அது. அவர் அதை அவமானமாக நினைக்கவில்லை, எனக்குத்தான் பொறுக்கவில்லை.

வர்தா ஒன்று மட்டுமே இப்படியென்று நினைக்கவேண்டாம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியன்று சென்னையையும் நம் மாவட்டத்தையும் மூழ்கடித்த மழை, புயலென்று பெயர்கூட வைக்கப்படாத மழை. 2021 நவம்பரில் பாலாற்றில், ஒரு நூற்றாண்டாகக் காணாத அளவில், வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்து, கரைக்குக் கரை ஓடிற்று. மணலாகவே பார்த்துப் பழகிய ஆற்றை அப்படிக் காண, பாலத்தருகே ஜனங்கள் குடும்பத்தோடு போய் நின்றார்கள். 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையேறியது. அதன் பாதையில் அடுத்த பெரிய ஊர்களில் ஒன்று காஞ்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் கரையைக் கடக்கவேயில்லை; கடலில் நின்றபடியே பெய்துவிட்டு, ஆந்திரத்தில் பாபட்லா அருகே போய்க் கரையேறியது. இவை ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு தெருவில் தறிகள் நின்றன.

உயிர்ச்சேதத்தைப் பொறுத்தமட்டில் நம் தேசம் செய்திருக்கும் முன்னேற்றம் உண்மையானது. அதனை மனமாரப் பாராட்டவேண்டும். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடி ஊரையும் ஒரு ரயிலையும் கடல் கொண்டுபோனது. எச்சரிக்கை உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரும் வழி அன்று இல்லை. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறைய பதினாயிரம் பேர் இறந்தார்கள். அதே ஒடிசாவில் 2013இல் பைலின் புயல் வந்தபோது, ஏறத்தாழ பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தியதால், இறந்தவர்களின் எண்ணிக்கை ஐம்பதை எட்டவில்லை. இது மனித முயற்சியின் பெரிய வெற்றி. ஆனால் உயிர் தப்பியவர்கள் மறுநாள் எதைக் கொண்டு ஜீவிப்பார்கள் என்ற கேள்விக்கு இதே அளவு சிரத்தையோடு நாம் இன்னும் விடை தேடவில்லை.

புயல் ஓய்ந்ததும் சேதக் கணக்கெடுக்க அதிகாரிகள் வருகிறார்கள். அவர்கள் கையிலிருக்கும் காகிதத்தில் இடிந்த வீட்டுக்கு இடமிருக்கிறது. இறந்த மாட்டுக்கு இடமிருக்கிறது. மூழ்கிய நெல்வயலுக்கு இடமிருக்கிறது. வீடு இடியாமல், சுவர் சாயாமல், கூடத்துத் தறி மட்டும் ஒரு மாதம் ஓடாமல் நின்றால் அதை எழுத இடமில்லை. "சேதம் ஒன்றுமில்லையே?" என்று கேட்டால் நம்மவர்களும் "ஒன்றுமில்லீங்க" என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் கடலுக்குப் போகாதிருக்கும் மீனவர் குடும்பங்களுக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுக்கிறது. மழைக்காலத்தில் வேலையற்றிருக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் 5000 ரூபாய் நிவாரணம் ஏற்பட்டிருக்கிறது. இரண்டும் மிகவும் நியாயமான ஏற்பாடுகள். படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்பதும், உப்பளம் மழையால் வேலைக்கு உதவாமற்போவதும் கண்ணுக்குத் தெரிகின்றன. வீட்டுக்குள்ளிருக்கும் குழி, கதவைத் திறந்து குனிந்து பார்க்கிறவருக்குத்தான் தெரியும். மழைக்கால நிவாரணம் வேண்டுமென்று நெசவாளர்கள் கேட்பது தர்மம் கேட்பதாகாது. தொழிலின் இயல்பால் வருகிற நஷ்டத்தை, மற்றத் தொழில்களுக்கு ஒப்புக்கொண்டதைப் போலவே இதற்கும் ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்பதே அது.

இதோடு சேர்ந்த மற்றொரு விஷயம். வேகவதியின் கரையில் குடியிருப்பவர்களை வெள்ளத்துக்கு அஞ்சி வேறிடத்தில் அடுக்குமாடிக் கட்டடங்களில் குடியேற்றுவது பற்றிப் பேசும்போது, நதியை அதன் போக்கில் விடவேண்டும் என்ற கருத்தை நான் முற்றிலும் ஆமோதிக்கிறேன். திருமால் குறுக்கே படுத்துத் தடுத்த நதியை நாம் வீடு கட்டித் தடுக்க முற்பட்டால் நடப்பது வேறாகவே இருக்கும். ஆயினும் நெசவாளியைக் குடியேற்றுகிறவர்கள் ஒன்றை ஞாபகத்தில் வைக்கவேண்டும்: மூன்றாவது மாடியில் தறிக்குழி வெட்ட முடியாது. வீட்டை மட்டும் மாற்றிக் கொடுத்துத் தறிக்கு இடம் கொடுக்காவிட்டால், வெள்ளம் செய்யாத காரியத்தை நாம் செய்தவர்களாவோம். தரைத்தளத்தில், உயர்ந்த மேடையில், கசியாத குழிகளோடு, பலர் சேர்ந்து நெய்யக்கூடிய பொதுத் தறிக்கூடம் ஒன்றை ஒவ்வொரு குடியிருப்போடும் சேர்த்தே கட்டவேண்டும்.

அதிகாரிகளைக் குறை கூறுவதற்காக இதையெல்லாம் நான் சொல்லவில்லை. கணக்கு இல்லாமல் அவர்களால் எதுவும் செய்ய இயலாது. அந்தக் கணக்கை அவர்களிடம் கொடுக்க நம்மிடமும் இதுவரை எதுவும் இல்லை. இன்னும் சில நாளில் ஐப்பசி பிறக்கிறது. இந்தக் கூட்டத்தைக் கூட்டியிருக்கும் மன்றத்து இளைஞர்கள் தெருவுக்கு இருவராகப் பொறுப்பேற்று, இந்த மழைக்காலம் முழுவதும் வீடு வீடாகச் சென்று, எந்தத் தறிக்குழியில் எந்தத் தேதியில் நீர் ஊறிற்று, எந்தத் தேதியில் வற்றிற்று, எத்தனை நாள் தறி நின்றது, தறியில் அப்போது என்ன இருந்தது, வீடு சொந்தமா வாடகையா என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். தை மாதத்தில் அந்த நோட்டுப் புத்தகங்களைச் சேர்த்து, கூட்டுறவுச் சங்கங்களின் மூலமாகக் கைத்தறித் துறையாரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுப்போம். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களுக்கு நானே வருகிறேன். என்னோடு வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் இங்கேயே பெயர் கொடுக்கலாம்.